மாத்திரை இல்லாத ஆறு நாள்

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் சரவாங்கி வந்த பெண்ணுக்கு வீட்டில் இரண்டே இடம்தான். ஒன்று ரேழியில் போட்ட கட்டில்; இன்னொன்று அடுப்படி. கட்டிலில் கிடந்தால் "பாவம், எழுந்திருக்க முடியலை" என்பார்கள். அடுப்படியில் நின்றால் "இன்னிக்கு வலி ஒண்ணும் இல்லைபோல" என்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை உண்டு, வலியோடு பாதி வேலையைச் செய்யலாம், மீதியை வேறு விதமாக மாற்றிக்கொள்ளலாம், எந்தப் பாதி என்று அவளே தீர்மானிக்கலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும்கூட.

என் அம்மாவின் சித்தி அப்படித்தான் இருந்தார். கும்பகோணம் பக்கத்தில் பெரிய கூட்டுக் குடும்பம். காலையில் எழுந்தால் விரல் மடங்காது. ரவிக்கைக்கு ஊக்குப் போட யாராவது ஒரு பெண் குழந்தையைக் கூப்பிட வேண்டும். பத்து மணிக்கு மேல் கை கொஞ்சம் இளகும். அதற்குள் வீட்டு வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். அதனால் அவர் எதற்கும் உதவாதவர் என்று கணக்கு. சாயங்காலம் அதே கையால் மல்லிகைப்பூ தொடுப்பார். அதைப் பார்த்தவர்கள் காலையில் நடந்தது நடிப்பு என்று முடிவு கட்டினார்கள். விடியற்காலையில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் நீடித்துப் பிறகு தளரும் விறைப்புதான் சரவாங்கி என்கிற ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸின் முக்கிய அடையாளங்களில் ஒன்று. அந்த வீட்டில் அதை யாருக்கும் எவரும் சொல்லவில்லை.

வைத்தியம் இல்லாமல் இல்லை. நொச்சி இலை ஒத்தடம் இருந்தது, கற்பூராதித் தைலம் இருந்தது, முடக்கத்தான் தோசை வாரம் தவறாமல் வார்த்தார்கள். டவுனில் இருந்த டாக்டர் ஆஸ்பிரினை எழுதிக் கொடுத்தார். அதுவும் காது இரையத் தொடங்கும் வரை அளவை ஏற்றிக்கொண்டே போவது. இரைந்தால் கொஞ்சம் குறைப்பது. இது அவர் கண்டுபிடித்த முறை அல்ல. உலகம் முழுக்க அந்த நாளைய மருத்துவர்கள் செய்தது இதைத்தான். கூடவே ஓய்வு. வீங்கிய மூட்டை அசைத்தால் கெட்டுவிடும் என்ற எண்ணத்தில் மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளில்கூட நோயாளிகளை வாரக்கணக்கில் படுக்கவைத்தார்கள், கைகால்களுக்குக் கட்டை கட்டினார்கள். படுத்த உடம்பில் மூட்டோடு சேர்ந்து தசையும் போயிற்று.

இந்த அறிவுரையை மீறியவர்களும் உண்டு. பிரெஞ்சு ஓவியர் ரென்வாருக்கு 1890களில் இந்த நோய் வந்தது. 1919இல் இறக்கும்வரை வரைந்துகொண்டிருந்தார். கோணிப்போன கையில் தூரிகையை வைத்துக் கட்டினார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. கையில் சுற்றியிருந்த துணி உள்ளங்கைத் தோல் புண்ணாகாமல் இருப்பதற்குத்தான். தூரிகையைப் பக்கத்தில் இருப்பவர் எடுத்து விரலிடுக்கில் வைப்பார், அவர் பிடித்துக்கொள்வார். பெரிய படங்களை வரைய, கித்தானை உருளையில் சுற்றி நகர்த்தும் ஏற்பாடு செய்துகொண்டார். சின்னப் பந்துகளைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக் கைக்குப் பயிற்சி கொடுத்தார். அவரிடம் பணம் இருந்தது, உதவிக்கு ஆள் இருந்தார்கள், எந்த வேலையை விடக்கூடாது என்ற தெளிவும் இருந்தது. மூன்றும் சேர்ந்து அமைந்த சரவாங்கிக்காரர்கள் நம் தெருக்களில் எத்தனை பேர்!

மருந்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உடம்பின் காவல்படையே உடம்பைத் தாக்குகிறது, வேலியே பயிரை மேய்கிறது என்ற ஆட்டோ இம்யூன் விளக்கம் 1950களில்தான் உறுதிப்பட்டது. அதற்குச் சற்று முன்பே, 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஒரு இளம்பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார்கள். படுக்கையில் புரள முடியாமல் கிடந்தவர் சில நாளில் நடந்து வெளியே போனார். இரண்டே வருஷத்தில் நோபல் பரிசு. பக்க விளைவுகள் வந்து சேரக் கொஞ்சம் தாமதமாயிற்று, அவ்வளவுதான். நம் ஊர்களில் இந்த ஸ்டீராய்டு மருந்து பெயர் எழுதாத பொட்டலத்தில் வந்தது. ராசியான கை என்று பேர் வாங்கிய ஒருவர் மடித்துக் கொடுக்கும் பொடியில் ஸ்டீராய்டு இருக்கும். வலி ஒரே நாளில் பறந்துவிடும். இரண்டு மாதத்தில் முகம் உருண்டு வரும். "உடம்பு தேறிடுச்சு" என்று சொந்தக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள்.

இன்றைய சிகிச்சையின் அச்சாணி மெத்தோட்ரெக்ஸேட். அதை உருவாக்கிய அமெரிக்க ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். கதராடை அணிந்ததற்காகப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர். முதலில் புற்றுநோய்க்கென்று வந்த அந்த மருந்தை, மிகக் குறைந்த அளவில் மூட்டு நோய்க்குக் கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் 1988இல் அனுமதித்தார்கள். 1998 முதல் பயாலஜிக் ஊசிகள் வந்தன. நோயை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்து அடக்குகிறோமோ அவ்வளவுக்கு மூட்டு பிழைக்கும் என்பதும் தெளிவாயிற்று. இன்று வாதநோய் மருத்துவரின் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் முப்பது வயதுப் பெண்களின் விரல்களைப் பார்த்தால் நோயாளி என்றே தெரியாது. இதேபோல் உடம்பே உடம்பைத் தாக்கும் இன்னொரு நோயான லூபஸின் கதையும் அப்படித்தான். 1950களின் ஒரு கணக்குப்படி, அந்த நோய் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர்தான் நாலு வருஷம் தாண்டினார்கள். இன்று பத்து வருஷம் தாண்டுகிறவர்கள் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு வந்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் செய்தது மருந்து. நோயாளி தன்னைத் தானே கவனித்துக்கொள்ளப் பழக்க, ஹெல்த் கோச் என்று இப்போது புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர் இல்லை. அவர் மதிப்பைப் பேசப் போகிற நேரத்தில் இதை முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது.

அப்படியானால் அவர் எதற்கு? கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டர்; தடவைக்குப் பத்து நிமிஷம். வருஷத்துக்கு முக்கால் மணி நேரம்கூடத் தேறாது. மீதி நேரமெல்லாம் நோயாளி தனியாகத்தான் வைத்தியம் பார்த்துக்கொள்கிறார். மெத்தோட்ரெக்ஸேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அது வாரத்துக்கு ஒரே நாள் போட வேண்டிய மாத்திரை. நம் ஊரில் மாத்திரை என்றால் தினமும், காலை ஒன்று ராத்திரி ஒன்று. சீட்டில் எழுதியிருப்பதை மருந்துக்கடைக்காரர் அவசரத்தில் ஒரு மாதிரி சொல்வார், வீட்டுக்கு வந்ததும் மகன் இன்னொரு மாதிரி படிப்பான். தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகும், இரத்த அணுக்கள் சரியும், உயிரே போகலாம். தவறுதலாகத் தினமும் போட்டு இறந்தவர்கள் உண்டு என்று அமெரிக்காவில் அந்த மருந்தின் குறிப்பேட்டிலேயே எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். உயிர் காக்கும் மருந்துக்கும் உயிர் குடிக்கும் மருந்துக்கும் உள்ள தூரம், கிழமையைச் சரியாகப் புரிந்துகொள்வது மட்டுமே.

சென்னையில் ஒரு வாதநோய் மருத்துவரிடம் வேலை பார்க்கும் முன்னாள் நர்ஸ் ஒருவர் இந்த வேலையைச் செய்கிறார். தன்னை அவர் கோச் என்று சொல்லிக்கொள்வதில்லை. "போன் பண்ற சிஸ்டர்" என்றுதான் நோயாளிகளுக்குத் தெரியும். இருவரும் சம்மதித்ததால் ஒரு பேச்சைப் பக்கத்தில் இருந்து கேட்டேன். மறுமுனையில் இருந்தவர் செங்கல்பட்டுப் பக்கத்தில் சத்துணவு அமைப்பாளர்.

"அக்கா, சனிக்கிழமை மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேம்மா. ஞாயித்துக்கிழமை பூரா ஒரே குமட்டல். சோத்தைப் பார்த்தாலே பிடிக்கலை."

"எத்தனை மணிக்குப் போட்டீங்க?"

"சாயங்காலமே போட்டுட்டேன். மறந்துடுவேனோன்னு பயம்."

"சாப்பிட்டுட்டு, படுக்கப் போறப்போ போட்டுப் பாருங்க. நிறைய பேருக்குக் குமட்டல் தூக்கத்தோட போயிடுது. அப்பவும் குறையலைன்னா ஊசியா மாத்தலாமான்னு டாக்டரைக் கேப்போம், அதை நான் முடிவு பண்ண முடியாது. சரி, ராத்திரி மறக்காம இருக்க என்ன பண்ணலாம்? நீங்களே சொல்லுங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அந்த அம்மா சொன்னார்: "சீரியல் முடிஞ்சு வாசக்கதவுக்குத் தாழ்ப்பாள் போடறது நான்தான். அந்தக் கதவுல டப்பாவைத் தொங்க விட்டுடறேன்."

சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததும் அவரேதான். ஞாயிறு பள்ளிக்கூடம் கிடையாது. மகள் வீட்டில் இருப்பாள், சமையலைப் பார்த்துக்கொள்வாள். மருந்துச் சீட்டில் "வாரம் ஒருமுறை" என்று மட்டும் எழுதியிருந்ததற்கு இப்படி ஒரு கிழமையும் ஒரு கதவும் கிடைத்தன. டாக்டர் இதைச் சொல்லியிருக்க முடியாது. அவருக்கு அந்த வீட்டில் யார் தாழ்ப்பாள் போடுகிறார்கள் என்று எப்படித் தெரியும்?

அடுத்து கைப்பயிற்சிக்குப் போனார்கள். தினமும் காலையும் மாலையும் செய்வதாக அந்த அம்மா வாக்குக் கொடுத்தார். "பத்துக்கு எத்தனை மார்க் அக்கா? நிச்சயமா செய்வேன்னு உங்க மனசுக்கு எவ்வளவு தோணுது?" "அஞ்சு" என்றார், சிரித்துக்கொண்டே. அப்படியானால் அந்தத் திட்டம் வேண்டாம் என்று சிஸ்டர் அதை ஒதுக்கிவிட்டார். வாரத்தில் நாலு நாள், ஒரு வேளை, உலையில் அரிசி வேகும் நேரத்தில் என்று குறைந்தது. இப்போது எட்டு மார்க். அதோடு போனை வைத்தார்கள்.

இந்த மார்க் போடும் வழக்கம் சென்னையில் பிறந்தது அல்ல. 1970களின் கடைசியில் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், கேட் லோரிக் என்ற நர்ஸ் மூட்டுநோய்க்காரர்களுக்கு ஒரு வகுப்பைத் தொடங்கினார். ஆறு வாரம், வாரத்துக்கு ஒருநாள், சுமார் இரண்டு மணி நேரம். பாடம் நடத்தியவர்கள் டாக்டர்கள் இல்லை. பெரும்பாலும் தாங்களே மூட்டு நோயோடு வாழ்கிறவர்கள்; இருவர் இருவராக வந்து நடத்தினார்கள். ஒவ்வொருவரும் அடுத்த வாரத்துக்கு என்ன செய்வேன், எவ்வளவு, எப்போது, எத்தனை நாள் என்று சொல்ல வேண்டும். அதை முடிப்பேன் என்ற நம்பிக்கைக்குப் பத்துக்கு மார்க் போட வேண்டும். ஏழுக்குக் கீழே இருந்தால் திட்டத்தை மாற்ற வேண்டும். நம்பிக்கை குறைவாக இருப்பவரை உற்சாகப்படுத்திப் பேசி ஏற்றிவிடுவதற்கு அங்கே இடமில்லை. திட்டம்தான் இறங்கி வரும்.

லோரிக்கின் குழு கண்டதில் சுவையான பகுதி இதற்கு அப்புறம்தான் வருகிறது. வகுப்புக்கு வந்தவர்களின் வலி குறைந்தது. உடற்பயிற்சி கூடியதால் குறைந்தது என்றுதான் எல்லோரும் நினைப்போம், அவர்களும் நினைத்தார்கள். கணக்கிட்டுப் பார்த்தபோது, பயிற்சி கூடியதற்கும் வலி குறைந்ததற்கும் இருந்த தொடர்பு மிகவும் மெலிந்திருந்தது. குணம் கண்டவர்களைப் பிரித்துக் காட்டிய விஷயம் வேறு: "என் நோயை நான் கொஞ்சமாவது கட்டுக்குள் வைத்துக்கொள்ள முடியும்" என்ற நம்பிக்கை அவர்களிடம் கூடியிருந்தது. அதே பல்கலைக்கழகத்தின் உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பாண்டுரா 1977இல் எழுதிய தன்திறன் நம்பிக்கைக் கோட்பாடு இந்த வகுப்பில் கைகொடுத்தது. வகுப்பையும் அதையொட்டித் திருத்தி அமைத்தார்கள்.

1993இல் அவர்கள் வெளியிட்ட நாலு வருஷக் கணக்கு இன்னும் நேர்மையானது. வலி சராசரியாக 20 சதவீதம் குறைந்திருந்தது. டாக்டரிடம் போவது 40 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் உடல் இயலாமை 9 சதவீதம் கூடியிருந்தது! நோய் தன் பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்திருக்கிறது. மனிதர்கள் அதைக் கண்டு பதறுவது குறைந்திருக்கிறது. கோச்சிங்கால் என்ன லாபம் என்று என்னை யாராவது கேட்டால் இந்த மூன்று எண்களைத்தான் சொல்வேன், மூன்றாவதை விடாமல்.

அன்று "அசையாதே" என்றார்கள், இன்று "அசை" என்கிறார்கள். இந்தத் திருப்பமும் எளிதாக வந்துவிடவில்லை. நெதர்லாந்தில் சுமார் 300 ருமட்டாய்டு நோயாளிகளை வைத்து, இரண்டு வருஷம் கடுமையான உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2003இல் வந்தது. உடல் இயக்கம் மேம்பட்டது, நோயின் தீவிரம் கூடவில்லை. பிரிட்டனில் 490 பேரை வைத்து நடந்த கைப்பயிற்சி ஆய்வு 2015இல் வந்தது: மூன்று மாதத்தில் சில அமர்வுகள், வீட்டில் தினமும் பயிற்சி, ஒரு வருஷம் கழித்தும் கை நன்றாக வேலை செய்தது. அந்த ஆய்வில் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்ததோடு நிற்கவில்லை. நோயாளியே இலக்கு வைத்து, எப்போது செய்வேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, நாட்குறிப்பில் குறித்துக்கொண்டு வர வேண்டும். கோச் செய்கிற வேலை இதுதான், பெயர் மட்டும் வேறு.

நம் வீட்டுச் சமையலறையில் இந்த வேலைக்கு விஷயம் ஏராளம். திருகும் குழாயை எடுத்துவிட்டு முன்கையால் தள்ளித் திறக்கும் பிடி வைத்த குழாயைப் போடச் சொல்வார்கள். கிரைண்டர் கல்லைத் தூக்குவது மணிக்கட்டுக்கு எமன். சாய்த்து மாவை வழிக்கும் டில்டிங் கிரைண்டர் இருந்தால் அந்தத் தொல்லையே இல்லை. வாணலியை ஒரு கையால் காதைப் பிடித்துத் தூக்காமல் இரண்டு உள்ளங்கையாலும் ஏந்துவது, அரிவாள்மணையில் குந்தி உட்காராமல் மேஜையில் நின்று நறுக்குவது, ஈரத்துணியை முறுக்கிப் பிழியாமல் குழாயில் சுற்றி இழுப்பது. இதையெல்லாம் வாசிக்கும்போது அற்பமாகத் தோன்றும். விரல் வீங்கியிருக்கும் காலையில் குக்கர் மூடியைத் திறக்க முயன்றவர்களிடம் கேளுங்கள். மாமியார் அரிவாள்மணையை விட்டுக்கொடுப்பாரா என்பது தனி விஷயம். அதற்கும் சேர்த்துத்தான் பேச்சு நடக்கும். "உங்க வீட்டுல யார்கிட்ட முதல்ல சொல்லணும்?" என்று அந்த சிஸ்டர் கேட்பதுண்டு.

அசதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். வலியைக்கூட நம்புவார்கள், அசதியை யாரும் நம்ப மாட்டார்கள். ருமட்டாய்டு, லூபஸ், ஷோக்ரன், தைராய்டு என்று எந்த ஆட்டோ இம்யூன் நோய்க்காரரைக் கேட்டாலும் முதலில் சொல்வது அதைத்தான். தூங்கினாலும் தீராத அசதி அது. இரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கும், டாக்டர் சந்தோஷமாகச் சீட்டை எழுதுவார், நோயாளிக்குப் பேருந்து நிறுத்தம் வரை நடக்கத் தெம்பு இருக்காது. அந்தக் காலத்தில் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்துத் தீர்த்துவிட்டார்கள்.

பிரிட்டனில் ஏழு ஆஸ்பத்திரிகளில் 333 ருமட்டாய்டு நோயாளிகளை வைத்து இதற்கென்றே ஒரு ஆய்வு நடத்தினார்கள். முடிவு 2019இல் வெளிவந்தது. வகுப்பு எடுத்தவர்கள் உளவியலாளர்கள் இல்லை. வாதநோய்ப் பிரிவில் ஏற்கெனவே இருந்த நர்ஸ்களும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளும் குறுகிய பயிற்சி பெற்று எடுத்தார்கள். ஒரு நாளைத் துண்டு துண்டாக எழுதிப் பார்ப்பது, நன்றாக இருக்கும் நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு அடுத்த இரண்டு நாள் சுருண்டு படுக்கும் வழக்கத்தை அடையாளம் காண்பது, "முடியாது" என்று வீட்டாரிடம் சொல்லப் பழகுவது. அசதியால் வாழ்க்கையில் விழும் தடங்கல் குறைந்தது. இரண்டு வருஷம் கழித்தும் அந்த நன்மை தங்கியிருந்தது. நன்றாக இருக்கும் நாளில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்யாத ஒரு அம்மாவை நம் ஊரில் காட்டுங்கள் பார்க்கலாம். தீபாவளிக்கு முந்தின வாரம் முழுக்க முறுக்குப் பிழிந்துவிட்டுத் தீபாவளியன்று படுத்திருப்பவர்கள்தான் அதிகம்.

பெரிய மாற்றம் இன்னொன்று கல்யாணத்தில் நடந்திருக்கிறது. லூபஸ் வரும் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். அதுவும் பிள்ளை பெறும் வயதில். முன்பெல்லாம் டாக்டரே "கல்யாணம் வேண்டாம், குழந்தை வேண்டவே வேண்டாம்" என்று சொல்லி அனுப்புவார். இன்று நோய் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருந்தால், திட்டமிட்டு, மருந்தை மாற்றி, குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்கிறார்கள். மெத்தோட்ரெக்ஸேட்டைக் கருத்தரிப்பதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். லூபஸுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுவினை நிறுத்தக் கூடாது, கர்ப்பம் முழுக்கத் தொடர வேண்டும். "வயித்துல குழந்தை இருக்கறப்ப மாத்திரையா?" என்று வீட்டுப் பெரியவர்கள் இரண்டாவதை நிறுத்திவிடுவது சர்வ சாதாரணம். பரிந்துரையை எழுதுவது மருத்துவர். அந்தப் பெரியவரை உட்காரவைத்துப் பேசுவதற்குப் பொறுமையும் நேரமும் உள்ள இன்னொருவர் வேண்டியிருக்கிறது.

உணவு விஷயத்தில் நிலைமை தலைகீழ். அன்றும் யோசனை சொல்ல ஆள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள், இன்று ரொம்ப அதிகமாகவே இருக்கிறார்கள். அன்று உருளைக்கிழங்கும் வாழைக்காயும் வாயு என்று நிறுத்தினார்கள். இன்று யூடியூபைப் பார்த்துவிட்டுக் கோதுமை, பால், தக்காளி, கத்தரிக்காய், பருப்பு வரை நிறுத்துகிறார்கள். கடைசியில் கஞ்சியும் கவலையும்தான் மிஞ்சும். மூட்டு நோய்களில் உணவால் பெரிய மாற்றம் வரும் என்பதற்குச் சான்று போதாது, பொதுவாக நல்ல சாப்பாடு சாப்பிடுங்கள், எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள், புகையை விடுங்கள் என்பதுதான் ஐரோப்பிய வாதநோய் நிபுணர்கள் கூடி எழுதிய வழிகாட்டல். சீலியாக் நோய் விதிவிலக்கு. அவர்களுக்குக் கோதுமையில் உள்ள குளூட்டனே எதிரி. மற்றவர்களிடம் நல்ல கோச் செய்வது சின்ன வேலை: எதைச் சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றுகிறதோ அதைக் குறித்துவைக்கச் சொல்வார், ஒன்றை நிறுத்திப் பார்க்கச் சொல்வார், மறுபடி சேர்த்துப் பார்க்கச் சொல்வார். பாதிப்பேருக்குத் தக்காளி குற்றமற்றது என்று அங்கேயே தெரிந்துவிடும் என்று அந்த சிஸ்டர் சொன்னார்.

இங்கேதான் எரிச்சலும் வருகிறது. ஹெல்த் கோச் என்று நம் ஊரில் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். அமெரிக்காவில் 2017 முதல் இதற்கென்று தேசிய அளவில் ஒரு தேர்வு நடக்கிறது; பிரிட்டனில் அரசு மருத்துவ சேவையே ஆரம்ப சுகாதார மையங்களில் இவர்களைச் சம்பளத்துக்கு வைக்கத் தொடங்கிவிட்டது. இங்கே இன்ஸ்டாகிராமில் மூன்று மாத பேக்கேஜ் விற்கிறார்கள். ஆட்டோ இம்யூனை வேரோடு அறுக்கிறோம், மாத்திரையிலிருந்து விடுதலை தருகிறோம் என்கிறார்கள். கூடவே ஒரு பொடி டப்பா. பொட்டலத்தில் பெயரில்லாத பொடி கொடுத்த ராசியான கைக்காரரின் பேரன்கள்தான் இவர்கள், உடை மாறியிருக்கிறது. இவர்கள் பேச்சைக் கேட்டுப் பல மாதம் போட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஹார்மோன் இல்லாமல் சுருண்டு விழ நேரிடும். மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தினால் இரண்டு மூன்று வாரம் குமட்டல் போய்ச் சுகமாகத்தான் இருக்கும். அந்தச் சுகத்தைக் காட்டி அடுத்த பேக்கேஜை விற்றுவிடுவார்கள். நோய் அதற்கப்புறம்தான் திரும்பும். மருந்துப் பட்டியலைக் கேட்காமல் பேச்சை ஆரம்பிக்கிற கோச்சிடமிருந்தும், உங்கள் டாக்டரின் பெயரைக் கேட்டால் முகம் சுளிக்கிற கோச்சிடமிருந்தும் எழுந்து வந்துவிடுவதே புத்திசாலித்தனம்.

நல்லவர்களைப் பற்றியும் மிகைப்படுத்தக் கூடாது. ருமட்டாய்டு நோயாளிகளுக்குக் கொடுக்கும் கல்வியைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துக் காக்ரேன் அமைப்பு 2003இல் வெளியிட்ட மதிப்பீடு, பலன் சிறியது, ஆரம்பத்தில் தெரிவது, நீண்டகாலப் பலனுக்குச் சான்றில்லை என்றது. அதற்குள்ளேயே ஒரு முக்கியமான பிரிவினை இருக்கிறது. தகவலை மட்டும் கொடுத்த திட்டங்களால் ஒன்றும் நடக்கவில்லை. நடத்தையை மாற்றப் பழக்கிய திட்டங்களால் இயலாமையிலும் மனச்சோர்விலும் கொஞ்சம் மாற்றம் தெரிந்தது. ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டும் வழவழப்பான போஸ்டர்களுக்குச் செலவழிப்பவர்கள் இதைப் படித்தால் தேவலை. ஐரோப்பிய நிபுணர் அமைப்பு 2021இல், அழற்சி மூட்டு நோய்க்காரர்களைத் தங்களைத் தாங்களே கவனித்துக்கொள்ளப் பழக்குவதை வழக்கமான சிகிச்சையின் பகுதியாகவே சேர்க்க வேண்டும் என்று பரிந்துரைத்துவிட்டது.

தமிழ்நாட்டில் இதற்கு ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. சென்னை மருத்துவக் கல்லூரியின் வாதநோய்த் துறை நாட்டின் முன்னோடித் துறைகளில் ஒன்று. பிசியோதெரபிஸ்டுகள் மாவட்டம்தோறும் இருக்கிறார்கள். ஓ.பி. வரிசையில் பத்து வருஷம் பழகிய நோயாளி, புதிதாக வந்து அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம் "எனக்கும் முதல் மூணு மாசம் இப்படித்தான் கண்ணு, மருந்து வேலை செய்ய நாள் ஆகும், விட்டுடாதே" என்று சொல்வதை எந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலும் கேட்கலாம். மெத்தோட்ரெக்ஸேட் தன் முழுப் பலனைக் காட்ட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். சீட்டில் எழுதாத இந்த உண்மையை அந்த அம்மா இலவசமாகச் சொல்லிவிடுகிறார். லோரிக் தன் வகுப்புக்குத் தேடிப் பிடித்தது இப்படிப்பட்டவர்களைத்தான். நம் வராந்தாக்களில் அவர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு அறை, சில நாள் பயிற்சி, வந்துபோகப் பஸ் காசு கொடுத்தால் வகுப்பு தொடங்கிவிடும்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. பிசியோதெரபியும் அதில் உண்டு. வீட்டுக்கு வருகிற மகளிர் தன்னார்வலர் அந்தத் தெருக்காரர். யார் வீட்டில் யார் சமைக்கிறார்கள், யாருக்கு யார் மேல் கோபம் என்பது வரை தெரிந்தவர். டாக்டருக்கு வாய்க்காத அறிவு இது. வட இந்தியக் கிராமங்களில் எடுத்து 1990களில் வெளிவந்த ஒரு கணக்கெடுப்பில் பெரியவர்களில் 0.75 சதவீதம் பேருக்கு ருமட்டாய்டு இருந்தது. அதே விகிதம் இங்கும் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் பெரியவர்கள் உள்ள ஊரில் ஏழெட்டுப் பேர். அந்த வீடுகளில் தன்னார்வலர் கூடுதலாகக் கேட்க வேண்டியது அதிகமில்லை: வாத மாத்திரையை என்ன கிழமை போடுகிறீர்கள், கடைசியாக இரத்தம் எப்போது கொடுத்தீர்கள், காய்ச்சல் வந்தால் யாருக்குப் போன் செய்வீர்கள். முதல் கேள்விக்கு "தினமும்" என்று பதில் வந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லிவிட வேண்டும். மற்றதை அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம்.